புகார் எழுதுகிறவர்

வன்கொடுமைப் புகார் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. சங்கத்துக்காரர் என்றால் ஆவேசமாக எழுதுவார் என்று பலருக்கு நினைப்பு. 'காட்டுமிராண்டித்தனம்' போன்ற சொற்கள் எனக்கும் வரத்தான் செய்கின்றன. அவற்றை மனுவில் விட்டுவைத்தால், "இது பாதிக்கப்பட்டவர் பேச்சா, எழுதிக் கொடுத்தவர் பேச்சா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்விதான்.

அதனால் முதல் தடவை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன். மறுபடி சொல்லும்போதுதான் பேனாவைத் திறப்பது. எங்கே நின்றீர்கள்? டீக்கடைக்கு உள்ளேயா, வாசலிலா? யார் யார் பார்த்தார்கள்? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது இதில் சேராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதவு திறந்திருந்ததா என்று நான் மூன்று தரம் கேட்பது அதற்காகத்தான்.

கஷ்டமான இடம் வசவு. "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினான்னு போடுங்க சார், போதும்" என்பார்கள். போதாது. பேசியது பேசியபடி இல்லாத புகாரை, சட்டத்தைப் பார்த்து எழுதிய புகார் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவமானப்பட்டவர் வாயாலேயே அந்தச் சொல்லை இன்னொரு தரம் வரவழைப்பதும் கொடுமை. இதற்கு நல்ல வழி எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கமாட்டேன். வாய்மொழிப் புகாரை எழுதும் காவல் நிலைய அதிகாரிக்கும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதைக் கடமையாக்கியிருக்கிறது. வாசிக்கும்போதுதான் திருத்தம் வரும். "தள்ளிவிடல சார், செருப்பைக் கழட்டச் சொன்னாங்க." இது சின்னத் திருத்தம் இல்லை. பொது இடத்தில் செருப்பணிய விடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். புத்தாடை, பைக், கல்யாண ஊர்வலம் எல்லாம் அதே பிரிவில் வருகின்றன. இவற்றுக்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் கவுண்டர் கேஸ் வருவது வாடிக்கை. பின்னாலேயே ராஜி பேச ஆள் வரும். பேச வருகிறவர் வயலில்தான் இவர்களுக்குக் கூலி வேலை என்னும்போது, ராஜிக்குப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ராஜிக்குப் போகாமல் உறுதியாக நிற்கிறவர்களோடு ஜாமீன் விசாரணைக்குப் போகிறேன். 15-ஏ பிரிவின்படி அதில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும், முன்கூட்டியே தகவலும் தர வேண்டும். தகவல் பல சமயம் வந்து சேருவதில்லை. சிறப்பு நீதிமன்றத்தின் அன்றைய வழக்குப் பட்டியலைக் காலையிலேயே நாங்களே பார்த்துவிடுகிறோம்.