எந்தக் கண்ணோடு பார்க்கிறார்?



இந்த வாரத் தியானத்திற்கு யோபு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளையும் சொத்தையும் சரீர சுகத்தையும் இழந்த யோபு, 12-ஆம் வசனத்தில் விசித்திரமான ஒரு கேள்வியைக் கேட்கிறான். கடலுக்கும் திமிங்கிலத்திற்கும் காவல் போடுவது போலத் தனக்கும் தேவன் காவல் போட்டிருக்கிறாரே, அது ஏன் என்பதே அந்தக் கேள்வி. தேவன் தன்னை மறந்துவிட்டார் என்று அவன் முறையிடவில்லை. தன்னைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்றுதான் முறையிடுகிறான்.

நம் சபையின் சகோதரர் ஒருவர் இரண்டே ஆண்டுகளில் மனைவியை நோய்க்கும் மகனை சாலை விபத்துக்கும் பறிகொடுத்தார். "ஐயா, ஆண்டவர் எம்மேலயே கண்ணா இருக்காரு. எழுந்திருக்கிறப்பெல்லாம் அடிக்கிறாரு" என்றார். பின்பு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதைக் கேட்டபோது, இலங்கையின் திருக்கோணமலையில் நான் கண்ட கடல் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருச்சபைக் கூட்டத்திற்காக அங்கே சென்றிருந்தேன். கோணேசுவரர் ஆலயம் நிற்கும் சுவாமி மலைப் பாறையிலிருந்து பார்த்தால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீலத் திமிங்கிலங்கள் கடந்து செல்வதைக் கரையிலிருந்தே காணலாம். அங்கே கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆழமான பள்ளத்தாக்காக இறங்குகிறது. உலகின் பல பகுதிகளில் நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே நெடும்பயணம் செய்கின்றன. இலங்கைக் கடலில் காணப்படுபவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கி, இரை இருக்குமிடம் தேடி இடம் மாறுகின்றன.

அன்று காலை, தொலைவில் வெண்ணிறத் தூண் ஒன்று எழுந்து கலைந்தது. திமிங்கிலம் விடும் மூச்சு அது. பாறையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் மகிழ்ந்தார்கள். சற்று நேரத்தில் அது மூழ்கிவிட்டது. ஆனாலும் ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. மறுபடி எழும் என்று பல நிமிடங்கள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்களில் பகை இல்லை.

ஆனால் திமிங்கிலத்தை மனிதன் எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில், செங்குத்தான பாறைகளின்மேல் சிறு காவல் குடில்கள் உண்டு. காவற்காரன் மூச்சுத் தூணைக் கண்டதும் வெடி கொளுத்தி ஊருக்கு அறிவிப்பான். ஆட்கள் ஈட்டிகளோடு படகில் பாய்வார்கள். 1980-களில் அந்த வேட்டை முடிவுக்கு வந்தது. இன்றும் அத்தகைய குடில்களில் ஆட்கள் அமர்ந்து கடலை நோக்குகிறார்கள். திமிங்கிலங்களைக் காண வந்தவர்களின் படகுகளுக்கு வழி சொல்வதற்காக! அதே குடில், அதே கடல். பார்ப்பவரின் நோக்கமே மாறியிருக்கிறது.

யோபுவின் வேதனை இங்கேதான் இருந்தது. தேவனுடைய கண்ணை அவன் வேட்டைக்காரனின் கண் என்று எண்ணிவிட்டான். தேவன் அதற்காக அவனைத் தள்ளிவிடவில்லை. 38-ஆம் அதிகாரம் முதல் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். 41-ஆம் அதிகாரம் முழுவதும் லிவியாதானைக் குறித்தே பேசுகிறார். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் பலத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்வது போல, அதன் அவயவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். 104-ஆம் சங்கீதத்திலோ அது கடலில் விளையாடவே உண்டாக்கப்பட்டது என்று காண்கிறோம். யோபு தன்னை எதற்கு ஒப்பிட்டு அழுதானோ, அதைத் தேவன் இவ்வளவு பிரியத்தோடு பார்க்கிறார் என்றால், யோபுவை அவர் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்?

பிள்ளைகள் ஏன் மரித்தார்கள் என்பதற்கு யோபுவுக்குப் பதில் கிடைக்கவில்லை. நம் சகோதரருக்கும் அந்தப் பதிலை என்னால் தர இயலாது. ஆனால் அவர்மேல் இருக்கும் கண் வேட்டைக்காரனுடையது அல்ல என்பதைச் சிலுவையின் அடியில் நின்று சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. ஈட்டி எறிந்தவர் தேவன் அல்ல. தம் விலாவிலே ஈட்டியை ஏற்றவர் அவர்.

பிரியமானவர்களே, இங்கே நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. துக்க வீட்டை நம் ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கிறது? "என்ன பாவம் செய்தார்களோ" என்ற முணுமுணுப்பு அந்த வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஈட்டியாகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

ஆகவே இந்த வாரம் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் செல்லுங்கள். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்க வேண்டாம். உணவு கொண்டுபோங்கள், திண்ணையில் சற்று நேரம் உட்காருங்கள். அவர் மூழ்கியிருக்கிறார், மறைந்துபோய்விடவில்லை. அவர் எழும்பும்வரை கரையில் காத்திருப்பதே சபையின் ஊழியம்.

ஜெபம்: எங்களைக் காண்கிற தேவனே, உம்முடைய பார்வையில் இருக்கும் அன்பைத் துக்கப்படுகிறவர்களுக்கு வெளிப்படுத்தும். எங்கள் கண்களையும் மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.