ஜவ்வாது மலைக்குப் புறப்படுமுன்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் கடந்து மலையேறிப் பாருங்கள். காவலூர் வானாய்வகமும், சாமை விளையும் சரிவுகளும், ஜமுனாமரத்தூரின் குளிர்காற்றும் படைத்தவனின் வல்லமையை நினைவூட்டும்.

இதே மலையில்தான் 2022 ஏப்ரலில், செம்பரை அருகே, ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அது பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும். உங்கள் வண்டியின் சேதத்தை அன்று. அதற்கு முழுக் காப்பீடு வேண்டும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படுவோருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என 2002-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சுமை வண்டி உரிமையாளரின் தலையில் விழும்.

வளைகுடாவிலுள்ள சகோதரர்களே! இந்தியக் காப்பீடு அங்கே செல்லாது. நேபாளம், பூட்டான், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தி நீட்டிக்கலாம். அமீரகத்திலிருந்து ஓமனுக்கு வண்டியோட்டுவோர், அங்கும் செல்லத்தக்க காப்பீட்டை எல்லைக்கு முன்பே உறுதிசெய்துகொள்க.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பயண துஆவை ஓதுமுன், காப்பீட்டுத் தாளின் கடைசித் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.