ஒற்றைச் சுவடி

தூத்துக்குடியில் எங்கள் தாய்மாமா வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஒரு பந்தயக் கார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது. எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததன்று அது; மாமா தம் பட்டறையில் தம் கையாலேயே கட்டியது. பழைய பியட் 1100 காரின் 1089 சி.சி. இன்ஜின், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய இருக்கை. இவ்வளவே அதன் உடைமை.

வரைபடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் கோடு கிழித்து, அதன்மேல் குழாய்களை வைத்து அறுத்தாராம். மேலுறைத் தகட்டைத் தட்டி வளைப்பதற்கு மர அச்சு செய்து தந்தவர் தோணி கட்டும் ஆசாரி ஒருவர். அதனாலோ என்னவோ, முன்னின்று நோக்கினால் வண்டி சிறிது தோணிச் சாயலாகவே தோன்றும். அச்சு பின்னர் அடுப்புக்குப் போயிற்று. தரைக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

1978-இல் அதனை லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து சோழவரம் கொண்டுசென்றார். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைவதற்கு முன்பு, வண்டி கட்டிய கைகளுக்கெல்லாம் சோழவரமே அரங்கேற்ற மேடை. மாமாவின் வண்டி பயிற்சிச் சுற்றிலேயே சூடேறி நின்றுவிட்டது. மாமா இதனை ஒளித்ததில்லை. உம்மாதான் ஊராரிடம், தம் உடன்பிறந்தார் மூன்றாவதாக வந்தார் என்று சொல்லிவந்தார்.

கோவை கரிவர்தனைப் பற்றி மாமா பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஆலைத்தொழில் குடும்பத்தில் பிறந்தும் பந்தய வண்டிகளைத் தாமே வடிவமைத்த கரிவர்தன், 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். மாருதி 800 காரின் சிறு இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி அவர் உருவாக்கிய பார்முலா மாருதி வண்டிகளில் பழகியவர்களுள் ஒருவரே, 2005-இல் பார்முலா ஒன் களம் புகுந்த நரேன் கார்த்திகேயன். அவ்வண்டிகள் ஒரே அமைப்பில் பல செய்யப்பட்டவை. ஒன்று சிதைந்தால் மற்றொன்றைப் பார்த்துச் செப்பனிடலாம். பல பிரதிகள் உள்ள நூலைப் பதிப்பிப்பது போன்றது அது. மாமாவின் வண்டியோ ஒற்றைச் சுவடி. ஒப்புநோக்க வேறு பிரதி இல்லை.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது, துபாயிலிருந்து திரும்பிவிட்ட மச்சான் வண்டியைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்ன அன்றுதான். பைபர் மேலுறை, புது இன்ஜின், புதுச் சக்கரங்கள் என்று பட்டியல் வைத்திருந்தார். "பிறகு பழையதில் மிஞ்சுவது என்ன மச்சான்?" என்றேன். புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சிதைந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பிவிடவில்லை என்று வகுப்பறைப் பழக்கத்தில் தொடங்கிவிட்டேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். "ஐயர் அந்த ஏட்டை நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டியிருந்ததா?" என்றார். மறுமொழி தோன்றவில்லை.

உப்பளங்களின் ஊர் எங்களுடையது. கடற்காற்று இரும்பை வெளியே தின்பதைவிட உள்ளே தின்பதுதான் கொடுமை. மேலே வண்ணம் பளபளக்கும். குழாயின் உட்புறம் துருவாய்க் கரைந்திருக்கும். ஆதலால் சிறு சுத்தியலால் ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தோம். நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். கெட்டது மந்தமாய் முனகும். ஐயமானவற்றில் சிறு துளையிட்டால் செந்தூள் கொட்டும். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிமாறி வருகின்றன. ஆயினும் நாற்காலியில் சாய்ந்தபடியே, ஓசையைக் கேட்டு, "அது போச்சு, அடுத்ததைத் தட்டு" என்று ஒன்றும் பிசகாமல் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே பித்தளையால் பற்றவைத்த அசிங்கமான முடிச்சு ஒன்றுண்டு. சோழவரம் போகும் வழியில் விரிசல் கண்டு, இரவில் லாரி வெளிச்சத்தில் ஒட்டியதாம். மச்சான் அதனை அறுக்க வேண்டும் என்றார்; கூடாது என்றேன் நான். மாமா எழுந்து வந்து அதனை விரலால் தடவினார்.

"ஓட்டுறதா இருந்தா அறுத்துடுங்க. அது தாங்காது. நிறுத்தி வைக்கிறதா இருந்தா தொடாதீங்க, மருமகனே."

ஓட்டுவதா, நிறுத்திவைப்பதா என்பதை நானும் மச்சானும் இன்னும் முடிவு செய்யவில்லை. வலப்பக்கத்தில் பதினோரு குழாய்கள் தட்டிப் பார்க்கப்படாமல் இருக்கின்றன. மாமா தெளிவாக இருக்கும் காலை வேளைகளில் மட்டும் அந்த வேலையை வைத்துக்கொண்டிருக்கிறோம்.