கேற் திறப்பு

அகமுகி, புறமுகி என்று கார்ல் யுங் 1921இல் எழுதிய ஆளுமை வகைகளை ஆசிரிய கலாசாலையில் மனனம் செய்தோம். ஒவ்வொருவரிடமும் இரண்டும் உண்டு என்றும் அவர் சொன்னார். பரீட்சையில் வராததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பாரிசவாதத்தில் விழுந்த வாப்பாவைப் பராமரிப்பது ராத்தா. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவதான். கேற் திறப்பும் அவவின் இடுப்பில்தான். ஜும்ஆவுக்கும் விடமாட்டா.

"விழுந்தா ஆரு தூக்கிற?"

நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பது அவவின் ஆதாரம். சரிதான், ஆனால், கடமையில்லை என்பது தடை ஆகாதே. வாப்பா அகமுகி. மனம் நொந்தால் சோற்றைத் தொடமாட்டார். ராத்தா ஊருக்கே கேட்கப் பேசுகிற புறமுகி. ஆனால், உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மௌத்தானதைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. அந்த இடத்தில் அவவும் அகமுகிதான்.

அவவோடு தர்க்கித்துப் பயனில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: பன்னிரண்டுக்கு முச்சக்கர வண்டி, பள்ளியில் கதிரை, பக்கத்தில் நான், ஒன்றேகாலுக்கு வீடு. இப்படி இரண்டு ஜும்ஆ கிடைத்திருக்கிறது. சுபஹுக்குப் போவது பற்றி இன்னும் பேச்சில்லை. இருட்டு, படிக்கட்டு வேறு. வாப்பா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், என்னிடம் மட்டும், மெதுவாக.