வீட்டுலயே படிக்க வைக்கலாமா?

பக்கத்து வீட்டு மதினி ராத்திரி வந்து கேட்டாங்க.
தறிப் பஞ்சு இன்னும் தலைமுடில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"பய ஆறாவது. ஸ்கூல்னாலே வயிறு வலிக்குங்கான். வீட்டுல வச்சுப் படிக்க வச்சா கேஸ் போடுவாங்களா?"

மனசு கனத்துப் போச்சு.
எத்தனை வீட்ல இந்தப் பயம் இருக்கும்!

தெரிஞ்சதச் சொல்லுதேன்.

2010 ஏப்ரல்ல அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயசுப் பிள்ளைய பள்ளியில சேர்க்கிறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது.
ஆனா சேர்க்காத பெத்தவங்களுக்கு அந்தச் சட்டத்துல தண்டனை எதுவும் இல்ல.
வீட்டுக் கல்விய அது தனியா அனுமதிக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல.

வீட்டுல படிச்சாலும் பரீட்சை எழுத வழி இருக்கு.
14 வயசு முடிஞ்சா தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதலாம்.
நம்ம மாநிலத்துல தனித்தேர்வரா எட்டாவதும் எழுதலாம்.

இடையில மனசு மாறினா?
வயசுக்கேத்த வகுப்புல திரும்பச் சேர்க்கணும். வருசத்துல எந்த மாசம் போனாலும் சேர்த்துக்கணும். இதுவும் அதே சட்டம்தான்.

முக்கியமா ஒண்ணு.
பள்ளியில பிள்ளைய அடிக்கதும் மனசு நோகப் பேசுறதும் அந்தச் சட்டத்தோட 17ஆம் பிரிவுப்படி தப்பு.
பயந்த பிள்ளைய வீட்டுல வைக்கும் முன்னால, பயமுறுத்துனது யாருன்னு கேக்கணும். அதுக்கு நாம கூட நிக்கணும்.

சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் வீட்டுல படிக்க வைக்கிறவங்க யாரும் இருக்கீங்களா?
பிள்ளைக்கு விளையாட்டுக் கூட்டாளி எப்படிக் கிடைக்காங்க?