பண்டமாற்று

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஏதாவது எழுதித் தா என்று தமிழம்மா கேட்டதும் கவிதை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல வரலை. அதனால் எனக்கு நடந்ததையே எழுதுகிறேன். நடுவில் கொஞ்ச நேரம் அமெரிக்கா போவோம். பயப்படாதீங்க, திரும்பி நம்ம கிரவுண்டுக்கே வந்துவிடுவோம்!

நான் இந்தப் பள்ளியில் சேர்ந்தது இந்த ஜூன் மாதம்தான். அப்பாவுக்கு வேலை மாறியதால் பாட்டி ஊரான இங்கே வந்தோம். அதே ஜூனில்தான் நம்ம கோ-கோ டீம் அக்கா டி.சி. வாங்கிக்கொண்டு விளையாட்டு விடுதிக்குப் போனார்கள். அந்த அக்கா யாரென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹெட்மாஸ்டர் ரூம் பீரோ மேல இருக்கிற கப்பில் பாதி அவங்க ஓடி வாங்கினது.

ஒருநாள் சமூக அறிவியல் பாடத்தில் பண்டமாற்று முறை வந்தது. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவது, பாலைக் கொடுத்து தானியம் வாங்குவது என்று மிஸ் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். அப்போது கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல். "மிஸ், நாமளும் பண்டமாற்று பண்ணியிருக்கோம். அக்காவைக் கொடுத்துட்டு இவளை வாங்கியிருக்கோம்!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு மதியம் சத்துணவில் எனக்குப் பிடித்த முட்டை. தட்டில் அப்படியே இருந்தது.

அதிலிருந்து என் பேரே 'பண்டமாற்று' ஆகிவிட்டது. சிலர் சுருக்கி 'பண்டம்' என்றும் கூப்பிட்டார்கள்.

பழைய பள்ளியில் நான் கோ-கோ டீமில் இருந்தேன். அதனால் பி.டி. சார் என்னையும் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்ட் மாதம் குறுவட்டப் போட்டி. போன வருஷம் அக்கா இருந்தபோது நாம் அதில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனோம். இந்த வருஷம் அரையிறுதியில் இரண்டு பாயிண்டில் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் நான் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை, கம்பத்துக்குப் பக்கத்திலேயே அவுட். திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் என்னைத் திட்டவில்லை. "அக்கா இருந்திருந்தா..." என்று ஒருத்தி ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் சாயங்காலம் நான் கிரவுண்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பி.டி. சார் வந்தார். அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் சாய்சதுரம் வரைந்தார். "இது என்ன கிரவுண்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியலை சார் என்றேன். "பேஸ்பால். காலேஜ்ல நான் ஆடியிருக்கேன்" என்றார்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பந்து எறிபவர் பிட்சர். மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ரன். வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. அமெரிக்காவில் வசந்த காலத்தில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் ஆட்டம் நடக்கும். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. அந்த லீவில் டீம்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும். இவரை நீ எடுத்துக்கோ, அவரை எனக்குக் கொடு என்று! "சந்தையில மாடு மாத்துற மாதிரியா சார்?" என்று கேட்டேன். சார் சிரித்துவிட்டார். பிறகு இந்தக் கதையைச் சொன்னார்.

சின்சினாட்டி ரெட்ஸ் என்று ஒரு டீம். அதில் பிராங்க் ராபின்சன் என்ற பெரிய ஆட்டக்காரர் பத்து வருஷம் ஆடினார். 1961-ல் அவருடைய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் 1965 டிசம்பர் 9-ம் தேதி அந்த டீம் அவரை பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமுக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 30. அது இளமையான முப்பது இல்லை என்று முதலாளி சொன்னாராம். அவருக்குப் பதிலாக வாங்கியது மூன்று பேரை. அதில் முக்கியமானவர் மில்ட் பாப்பாஸ் என்ற பிட்சர், வயது 26.

அடுத்த வருஷம் என்ன ஆனது? 1966 மே மாதம் ராபின்சன் அடித்த ஒரு பந்து ஸ்டேடியத்தையே தாண்டி வெளியே போய் விழுந்தது. 541 அடி என்று கணக்குச் சொன்னார்கள். பந்து வெளியே போன இடத்தில் 'இங்கே' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி கொடி பறக்க விட்டார்களாம்! அந்த வருஷம் அவர் அடித்த ஹோம் ரன் 49. லீக்கில் மூன்று முக்கியமான கணக்கிலும் அவரே முதலிடம். ஓரியோல்ஸ் முதல் தடவையாக உலகத் தொடர் கோப்பையை வாங்கியது. அவரைக் கொடுத்துவிட்ட ரெட்ஸ் டீமோ, 1965-ல் 89 ஆட்டம் ஜெயித்து நாலாவது இடத்தில் இருந்தது, 1966-ல் 76 ஆட்டம் மட்டும் ஜெயித்து ஏழாவது இடத்துக்கு இறங்கிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்காதான் ராபின்சன், நான்தான் அந்தப் பாப்பாஸ். அதைச் சொல்லத்தான் வந்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதே. பாதிக் கதைதான் சொல்லியிருக்கேன். மீதியை நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு விசில் ஊதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கம்ப்யூட்டர் பீரியடில் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுத் தேடிப் பார்த்தேன். முதலில் ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. ராபின்சன் வருவதற்கு முன்னால் 1965-லேயே ஓரியோல்ஸ் 94 ஆட்டம் ஜெயித்திருக்கிறது. அவர் வந்த பிறகு ஜெயித்தது 97. மூன்றுதான் கூட! அப்படியானால் அது ஏற்கெனவே நல்ல டீம். குறைந்தது கொஞ்சம்தான், அதை அவர் வந்து நிரப்பினார்.

இரண்டாவது விஷயம். உலகத் தொடரில் எதிர் டீமான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் நாலு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது மொத்தமே இரண்டு ரன். ராபின்சன் இரண்டு ஹோம் ரன் அடித்தது உண்மை. ஆனால் எதிரியை ரன் எடுக்க விடாமல் கட்டியது சின்ன வயசு பிட்சர்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காத ஜிம் பால்மருக்கு அப்போது 20 வயசு. மூன்றாவது ஆட்டத்தில் அதே மாதிரி செய்த வாலி பங்கருக்கு 21. பாப்பாஸ் என்ற பெரிய பிட்சர் போனதால் காலியான இடத்தில் இந்தச் சின்னப் பையன்கள் வளர்ந்து நின்றார்கள்.

மூன்றாவது, பாப்பாஸ் கதை. அவரைப் பல வருஷம் கேலி செய்தார்கள். 1988-ல் வந்த ஒரு சினிமாவில்கூட இந்த மாற்றலைப் பற்றிப் பேச்சு வருமாம். ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. 1972 செப்டம்பர் 2-ம் தேதி சிகாகோ கப்ஸ் டீமுக்காக ஆடியபோது எதிர் டீமில் ஒருவர்கூட அவர் பந்தில் ஒரு ஹிட் அடிக்க முடியவில்லை. மொத்தத்தில் அவர் ஜெயித்துக் கொடுத்த ஆட்டங்கள் 209. மோசமான ஆட்டக்காரரால் இது முடியுமா? அவர் செய்த ஒரே தப்பு, அவரை ராபின்சனுக்குப் பக்கத்தில் நிறுத்தி எல்லாரும் அளந்ததுதான். அதுகூட அவர் செய்த தப்பு இல்லையே!

இதை சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேஜைக்குள் இருந்து கோ-கோ நோட்டை எடுத்துக் காட்டினார். போன வருஷக் கணக்கும் இந்த வருஷக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. போன வருஷம் அக்கா மட்டும் நாலு நிமிஷம் ஓடியிருக்கிறார்கள். மற்ற எல்லாரும் சேர்ந்து மூன்று நிமிஷம்தான். இந்த வருஷம் யாருமே இரண்டு நிமிஷத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஐந்து பேர் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஏழாம் வகுப்பு! விரட்டும்போது அவுட் செய்த கணக்கில் முதல் பேர் என்னுடையது. எனக்கு ஓடத் தெரியாது, உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்து பாயத் தெரியும். சார் என்னை அக்கா மாதிரி ஓட வைக்க நினைத்தது தன் தப்பு என்று சொன்னார். ஒரு சார் மாணவியிடம் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கதை இங்கேயும் முடியவில்லை. காலாண்டு லீவில் அந்த அக்கா ஊருக்கு வந்திருந்தார்கள். கோயில் பக்கத்துக் குழாயில் குடத்தோடு நின்றபோது அவங்களே வந்து பேசினாங்க. "நீதான் புதுசா வந்த பொண்ணா? நல்லா விரட்டுறியாமே!" என்று கேட்டார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "உங்களுக்கு என்னக்கா, விடுதியில பெரிய ஆளா இருப்பீங்க" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "அங்க வந்த எல்லாருமே அவங்கவங்க ஊர்ல முதல் ஆள்தான்டீ. நான் இன்னும் சப்ஸ்டிட்யூட்டாதான் உட்கார்ந்திருக்கேன். முதல் ஒரு மாசம் தினமும் ராத்திரி அழுதேன். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்கள். (அக்கா, இதை எழுத உங்களிடம் பிறகு அனுமதி வாங்கிவிட்டேன். 'எழுது, எல்லாருக்கும் தெரியட்டும்' என்று நீங்கதானே சொன்னீங்க!)

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இத்தனை நாளா நான்தான் பாப்பாஸ் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா அங்கே தன்னைத்தான் பாப்பாஸ் என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். அவங்களுக்கு அந்தப் பேர்கூடத் தெரியாது. மறுநாள் காலையில் அக்கா நம்ம கிரவுண்டுக்கு வந்து, கம்பத்தை எப்படிப் பிடித்துத் திரும்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அவங்களுக்கு பேஸ்பால் கதை சொன்னேன். இதுதான் உண்மையான பண்டமாற்று என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் நாம் ஜெயிப்போமா என்று எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக ஓடுகிறார்கள், அதை மட்டும் எல்லாரும் வந்து பாருங்கள். இன்னொரு வேண்டுகோள். அடுத்த ஜூனில் வேறு பள்ளியில் இருந்து யாராவது புதிதாக வருவார்கள். அவர்களிடம் யாருக்குப் பதிலாக வந்தாய் என்று கேட்காதீர்கள். உனக்கு என்ன விளையாட்டு வரும் என்று கேளுங்கள்.

என்னை 'பண்டம்' என்று கூப்பிடுவதில் இப்போது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் பேரும் நல்லாதான் இருக்கும், கூப்பிட்டுப் பாருங்களேன்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கோ-கோ அணி (விரட்டும் பக்கம்)