கோவாவுக்கு இரண்டு சக்கரத்தில்

தாராவியில் பை தைத்து, மாட்டுங்காவில் திட்டம் போட்டு, செம்பூரில் கிளம்பி... மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் போகும் வழி

நவம்பரின் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை. விடிகாலை மணி நான்கு. செம்பூர் மைத்ரி பார்க், கோவா பஸ்ஸுக்கும் புனே பஸ்ஸுக்கும் பெட்டி படுக்கையோடு காத்திருப்பவர்களின் இடம். இந்த நேரத்தில் அங்கே வரிசை கட்டி நிற்பவை மோட்டார் சைக்கிள்கள். ஹெல்மெட், முட்டிக்குக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை. சைக்கிளில் டீ விற்பவரைச் சுற்றிக் கூட்டம். ஆளுக்கொரு கட்டிங் சாய் குடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை செயினையும் டயரையும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். போக வேண்டிய தூரம் 550 கிலோ மீட்டருக்கு மேல். போகும் இடம் கோவாவின் வடக்கே, கடலோரமாக இருக்கும் வாகத்தோர்.

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அங்கே நடத்தும் கூட்டத்துக்கு நீண்ட காலம் ரைடர் மேனியா என்று பெயர். 2023-இல் மோட்டோவர்ஸ் என்று மாற்றினார்கள். பழைய ஆட்கள் பழைய பெயரையே சொல்கிறார்கள், மும்பையை இன்னும் பம்பாய் என்பவர்களைப் போல. அதே கோவாவில் 2013-இல் தொடங்கிய இந்தியா பைக் வீக் எல்லா கம்பெனி வண்டிகளுக்குமானது. 2021-இல் அது லோனாவாலா பக்கம் போய் நடந்தது. உலகத்தில் இதெல்லாம் புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் 1938 முதல் கூடுகிறார்கள். ஜெர்மனியில் 1956-இல் தொடங்கிய 'யானைச் சந்திப்பு' இன்னும் கடுமையானது: பனிக்காலத்தில் வண்டி ஓட்டி வந்து, பனியிலேயே கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் கோவாவின் நவம்பர், மாமியார் வீட்டு விருந்து.

திருவிழா மூன்று நாள், தயாரிப்போ மாதக்கணக்கில். அது பல பேருக்குத் தாராவியில் தொடங்குகிறது. சயன்-பாந்த்ரா இணைப்புச் சாலை ஓரத்தில் வரிசையாகத் தோல் பொருள் கடைகள். கைப்பை, பெல்ட், பர்ஸ், ஜாக்கெட். கடைக்குப் பின்னால் சந்துக்குள் நுழைந்தால் பட்டறைகள். வண்டியின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக் வேண்டும் என்றால் அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். விலையைவிட முக்கியம் தையல். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு, நூலை நூறு கிலோ மீட்டருக்குள் சோதித்துவிடும். சைலன்சர் பக்கத்துப் பை ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் தோல் கருகும். இந்த விவரமெல்லாம் தைப்பவருக்குத் தெரிகிறது, அவர் ஒருமுறைகூட வாகத்தோருக்குப் போனதில்லை என்றாலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வேர்விட்ட இடம் தாராவி. தோல் பதனிடும் தொழில் அவர்களில் பலருக்குச் சோறு போட்டது. பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறது. 2015-இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது வதைக்கும் தடை கொண்டுவந்தபோது தோல் வியாபாரம் அடி வாங்கியது. 2022 நவம்பரில் தாராவியை மறுபடி கட்டும் ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது முதல், பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்விதான்: வீட்டுக்கு வீடு கிடைக்கலாம், தையல் மிஷினுக்கு எங்கே இடம்? தோல் ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மும்பைப் புழுக்கத்தில் அது புகைப்படத்துக்கு மட்டும். விவரம் தெரிந்தவர்கள் காற்றோட்டமான வலைத்துணி ஜாக்கெட்டில் தோளுக்கும் முழங்கைக்கும் கவசம் வைத்துப் போடுகிறார்கள். தோலை வண்டிக்கு விட்டுவிடுகிறார்கள்.

தோல் மட்டுமா? வண்டியே தமிழ்நாட்டுச் சரக்கு. ராணுவத்துக்கு வண்டி வேண்டியிருந்த ஐம்பதுகளில், இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாய்க் கம்பெனி 1970-இல் மூடிவிட்டது, திருவொற்றியூர் மூடவில்லை. 2013-இல் ஒரகடத்திலும் ஒரு தொழிற்சாலை வந்தது. பஞ்சாபில் இதைப் பஞ்சாபி வண்டி என்றும், கேரளத்தில் மலையாளி வண்டி என்றும் சத்தியம் செய்வார்கள். திருவொற்றியூர்க்காரர்கள் சண்டைக்குப் போவதில்லை.

திட்டம் போடுவது மாட்டுங்காவில். ஞாயிற்றுக்கிழமை காலை, ராமாஷ்ரயா வாசலிலோ கஃபே மெட்ராஸ் வாசலிலோ பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டத்தில் ஹெல்மெட்டோடு நிற்பவர்கள் இவர்கள்தான். பயண விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று நாலு மணிக் கட்சி: இருட்டோடு ஊரைத் தாண்டிவிட வேண்டும். இன்னொன்று இட்லிக் கட்சி: மாட்டுங்காவில் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஆறரைக்குக் கிளம்பலாம். இட்லிக் கட்சி ஒவ்வொரு தடவையும் வாஷி பாலத்தில் மாட்டிக்கொள்ளும். பன்வேலில் துறைமுகத்து டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே உருகும். அடுத்த வருடமும் அதே வாதத்தைச் செய்யும். மூன்றாவதாக ஒரு சிறு கட்சியும் இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியைப் பார்சலாகக் கொங்கன் ரயிலில் ஏற்றி, தாங்கள் ஏசி பெட்டியில் போய், திவிம் ஸ்டேஷனில் இறங்கிக் கடைசி இருபது கிலோ மீட்டரை மட்டும் ஓட்டி வாகத்தோரில் நுழைபவர்கள். இவர்களை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் வண்டியில் புழுதி இல்லாதது காட்டிக்கொடுத்துவிடும்.

செம்பூரிலிருந்து ஏன் என்ற கேள்விக்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. நகரத்தை விட்டுத் தெற்கே போகச் சமீபத்தில் கட்டிய சிறந்த பாதை அடல் சேது. சிவ்ரியிலிருந்து கடல் மேல் ஏறி அக்கரை சேரும் 21.8 கிலோ மீட்டர். 2024 ஜனவரி 12-இல் திறந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2002-இல் முழுமையான மும்பை-புனே விரைவுச் சாலையிலும் இல்லை. மேற்கே கடற்கரைச் சாலையிலும் இல்லை. கார்கள் பறக்கும் இடத்தில் இரு சக்கரம் போனால் ஆபத்து என்பது போலீஸ் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. ஆனால் நல்ல சாலையில் தடுக்கப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை. லாரியும் குழியும் பங்கு போட்டுக்கொண்ட பழைய சாலைக்கே வருகிறார். கோவா போகிறவர் மட்டுமல்ல, செம்பூரிலிருந்து வாஷிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவரும்தான்.

பன்வேலைத் தாண்டினால் பலஸ்பே. அங்கே பாதை பிரிகிறது. நேரே போனால் பழைய புனே சாலை. வலப்பக்கம் தேசிய நெடுஞ்சாலை 66. முதல் வண்டியில் போகிறவர் இடக்கையை உயர்த்துகிறார். இனிமேல் பேச்சு சைகையில்தான். காலை நீட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் குழி. டாங்கைத் தொட்டுக் காட்டினால் பெட்ரோல். ஒருவர் பின்னால் ஒருவர் நேர்கோட்டில் போகாமல், இடமும் வலமுமாக மாறி மாறிப் போவார்கள். முன் வண்டி திடீரென்று பிரேக் போட்டால் ஒதுங்க இடம் வேண்டுமே. குழுவிலேயே அனுபவம் மிக்கவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலில், மற்றவர் கடைசியில். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. பஞ்சர் ஆனவரோடு வெயிலில் நிற்பது அவர் தலையெழுத்து.

பேண் தாண்டி மஹாட் வரை கொங்கணம் பச்சையாக விரிகிறது. மழை விட்டு அதிக நாளாகவில்லை. மஹாட் அருகே சாவித்ரி ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் தாமாகவே வேகம் குறைகின்றன. 2016 ஆகஸ்ட் 2 இரவு, அங்கிருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசு பஸ்களும் அவற்றிலிருந்தவர்களும் ஆற்றோடு போனார்கள். அடுத்த ஜூனில் புதுப் பாலம் தயார். அவ்வளவு வேகமாகக் கட்ட முடியும் என்று காட்டிய அதே சாலையில், 2011-இல் தொடங்கிய நான்கு வழிப் பணி 2025 மழைக்காலம் வந்தபோதும் முடியவில்லை. குழிகளைப் பற்றி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. விநாயகர் சதுர்த்திக்கு மும்பையிலிருந்து ஊர் திரும்பும் கொங்கணத்து ஆட்கள், ஆலையில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் குழந்தையை நடுவில் இருத்தி இதே வழியில்தான் போகிறார்கள். அவர்களுக்குக் கவச ஜாக்கெட் கிடையாது. சைகை சொல்ல முன்னால் ஆள் கிடையாது.

கஷேடி மலையில் இப்போது சுரங்கப்பாதை வந்துவிட்டதால் வளைவுகள் மிச்சம். வளைவுக்காகவே வந்தவர்கள் பழைய மலைப்பாதையைத் தேடிப் போகிறார்கள். சிப்ளூணில் மீன் குழம்பும் சோறும். மசாலா சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம்தான் மதியத்தின் பெரிய எதிரி என்பதால் அரைச் சாப்பாடு. ராஜாப்பூர், கண்கவ்லி, குடாள் என்று ஊர்கள் ஓடி, சாவந்த்வாடி தாண்டியதும் எல்லை. நாலு மணிக் கட்சி சூரியன் கடலில் இறங்கும் முன் வாகத்தோரின் செம்மண் குன்றில் ஏறிவிடுகிறது.

அங்கே என்ன? மேடை, பாட்டு, மண் தரையில் பந்தயம், டீ-ஷர்ட் கடை, புது மாடல் வண்டியைச் சுற்றிச் செல்ஃபோன்கள். கூட்டத்தில் பெண்கள் தனியே ஓட்டி வந்தவர்களாகவே நிற்கிறார்கள். 2011-இல் புனேயில் தொடங்கிய பைக்கர்னி போன்ற குழுக்கள் பின்சீட்டு வழக்கத்தை எப்போதோ உடைத்துவிட்டன. ஆனால் அதிகம் பேசப்படுவது மேடையை அல்ல, வந்த வழியை. எங்கே கிளட்ச் வயர் அறுந்தது, எந்தக் குழி யாருடைய ரிம்மை வளைத்தது, எவர் பை தையல் விட்டது. தாராவிப் பை தாங்கியதா என்று திரும்பியதும் தைத்தவருக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவர் கேட்பார்.

ஞாயிறு மாலை கூட்டம் கலைகிறது. மாப்ஸாவில் மறுபடி அதே 66-ஆம் எண் சாலை. இடப்பக்கம் திரும்பினால் மும்பை. வலப்பக்கம் பணஜி, கார்வார், மங்களூர், கோழிக்கோடு, திருவனந்தபுரம் என்று போய்க் கன்னியாகுமரியில் முடிகிறது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் இருப்பவர்களுக்கு அது ஊருக்குப் போகும் திசை. ஒவ்வொரு வருடமும் ஒருவராவது அங்கே வண்டியை ஓரம் கட்டி, பெட்ரோலையும் லீவையும் கணக்குப் பார்க்கிறார். பிறகு இடப்பக்க இண்டிகேட்டரைப் போடுகிறார். திங்கட்கிழமை ஆபீஸ்.